பாராமகால் மலைகளும் டானியல்களின் அச்சோவியங்களும்

தாமஸ் டானியல், அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டானியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் 1792ஆம் ஆண்டில் பாராமகால் வழியே பயணம் செய்தனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில்தான், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, நம் திருப்பத்தூர் உள்ளிட்ட இச்சீமை திப்பு சுல்தான் ஷஹீது (ரஹ்) அவர்களிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. சுல்தானின் இளம் மைந்தர் இருவர் பிணையாகச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அப்பயணத்தின் படங்கள் பல, 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த 'ஓரியண்டல் சீனரி' என்னும் 144 அச்சோவியங்களின் தொகுதியில் இடம்பெற்றன. ராயக்கோட்டையும், நமக்கு மேற்கேயுள்ள ஜகதேவிக் கோட்டையும் அவற்றுள் உள்ளன. பாறையின் சரிவையும் மதிலின் வளைவையும் பிசகின்றிப் பிடித்த கைத்திறனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அதற்கு அவர்கள் இருட்டுப்பெட்டிக் கருவியைத் துணைகொண்டனர். சிறுதுளை வழியே இருட்டறையில் ஒளி விழும் விதத்தைப் பதினோராம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து அரபியில் எழுதியவர் நம் இப்னுல் ஹைதம் என்பதை இங்கே நினைவுகூராமல் இருக்க இயலவில்லை.

ஆயினும் அப்படங்களில் ஒரு குறை உண்டு. அவை 'அக்குவாடிண்ட்' முறையில் அமைந்தவை. செப்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, அமிலத்தால் படிப்படியாக அரிக்கச் செய்வது அம்முறை; வெண்மையில் தொடங்கி நிழலை நோக்கிச் செல்வது. 'மெசோடிண்ட்' இதற்கு நேர்மாறு. பற்களுள்ள வளைந்த உளியால் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கினால், மை தடவி அச்சிடும்போது முற்றிலும் கருமையே கிட்டும். பின்னர் வேண்டிய இடங்களைச் சுரண்டியும் மெருகிட்டும் ஒளியை மீட்க வேண்டும். ஜான் கான்ஸ்டபிளின் ஆங்கில நாட்டுக் காட்சிகளை டேவிட் லூக்காஸ் இம்முறையில்தான் 1830 முதல் 1832 வரை 22 படங்களாக அச்சிட்டார். மழைமேகத்தின் கனம் அவற்றில் நெஞ்சை அழுத்துகிறது.

டானியல்களின் பாராமகாலில் அந்தக் கனம் இல்லை. ஆங்கிலப் படை ராயக்கோட்டையைக் கைப்பற்றியது 1791இல். மறு ஆண்டே அங்கு வந்தவர்களின் படத்தில் முற்றுகையின் புகையோ புண்ணோ இல்லை. அமைதியான வானமே உள்ளது. போரைக் காண விரும்பிய இலண்டன்வாசிகளுக்கு, மைந்தர்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சியை ராபர்ட் ஹோம் போன்றோர் தனியே தீட்டிக்கொடுத்தனர். வெற்றி ஒரு சுவருக்கு, இயற்கை மறு சுவருக்கு என்று பங்கிட்டாயிற்று! மலையையும் அதனடியில் மாண்டவரையும் ஒரே தகட்டில் எவரும் வைத்துப் பார்க்கவில்லை.

மெசோடிண்ட் மட்டும் உண்மை பேசிவிடும் என்று நாம் வாதிடவில்லை. அதுவும் பிரபுக்களின் முகங்களுக்கே பெரிதும் ஊழியம் செய்தது. ஆனால், ஐப்பசி மாலையில் நம் ஊரிலிருந்து கிழக்கே ஜவ்வாது மலையை நோக்குவோர், முதலில் காண்பது கருமையைத்தான். மஃரிபு பாங்குக்குச் சற்று முன்னர், முகட்டின் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் மெல்லிய கோடாகத் தெரியும்.