அலிகர் ஆடுகளமும் அதன் எல்லைக் கோடும்

ஒரு கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கட்டடங்களையும் தேர்வு முடிவுகளையும் எண்ணிக் காட்டுவர். மாணவர் தம் மாலைப் பொழுதை எங்ஙனம் கழித்தனர் என்று கேட்போர் அரியர். அக்கேள்வியைக் கேட்ட நூல் ஒன்றை அண்மையில் மீண்டும் படித்தோம். அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் லெலிவெல்ட் எழுதி, 1978இல் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகப் பதிப்பாக வெளிவந்த 'அலிகரின் முதல் தலைமுறை' என்னும் ஆங்கில நூலே அது.

சர் செய்யித் அஹ்மத் கான் 1869, 1870ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் தங்கியிருந்தார். மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் வாழும் கேம்பிரிட்ஜ் முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1875இல் அலிகரில் பள்ளி தொடங்கிற்று. 1877 ஜனவரி 8ஆம் நாள் வைசிராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். வீட்டையும் உறவினரையும் பிரிந்து வந்த இளைஞர் அங்கே ஒன்றாக உண்டனர், ஒன்றாகத் தொழுதனர், ஒன்றாக விளையாடினர். 1878இல் கிரிக்கெட் கழகம் அமைந்தது. முஸ்லிம்களுக்கென எழுந்த கல்லூரியில் அக்கழகத்தைத் தொடங்கியவர் ராம சங்கர் மிஸ்ரா என்னும் இந்துப் பேராசிரியர் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

1883இல் கேம்பிரிட்ஜிலிருந்து முதல்வராக வந்த தியோடர் பெக், 1899இல் மறையும் வரை அப்பொறுப்பை வகித்தார். அவர் காலத்தில் விளையாட்டு கல்லூரி வாழ்வில் பேரிடம் பெற்றது. தலைவனுக்குக் கட்டுப்படுவதும், தோல்வியை முகம் வாடாது ஏற்பதும், தன் புகழினும் அணியின் வெற்றியைப் பெரிதாக மதிப்பதும் ஆடுகளத்தில் கிட்டும் பாடங்கள் என்பது அக்கால ஆங்கில ஆசிரியர்களின் கொள்கை.

லெலிவெல்ட் இதனை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடவில்லை. ஊராலும் குலப் பெருமையாலும் பிரிந்து கிடந்த பிள்ளைகள் தம்மை ஒரே சமுதாயமாக உணர்ந்ததற்குரிய காரணங்களுள் ஆடுகளத்தையும் வைத்து ஆராய்கிறார். நூலின் சிறப்பு இதுவே.

நிற்க. நூலை மூடிய பின்னும் ஒரு வினா நம்மை விடவில்லை. களத்தில் இறங்குவோர் பதினொருவர். எல்லைக் கோட்டுக்கு அப்பால் நின்றோர் எத்தனை பேர்? விடுதியிலேயே வசதி படைத்தோர்க்குப் 'பக்கி பாரக்', வசதி குறைந்தோர்க்குக் 'கச்சி பாரக்' எனப் பிரிவினை இருந்தது. அம்மாணவரின் சகோதரியர்க்கோ கல்லூரி வாயிலே திறக்கவில்லை. ஷெய்கு அப்துல்லா அலிகரில் பெண்கள் பள்ளியைத் தொடங்கியது 1906இல்தான்.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியை எடை போட வேண்டும். 1890இல் ஆஃப்தாப் அஹ்மத் கான் என்னும் மாணவர் 'அஞ்சுமன் அல்-ஃபர்ள்', அதாவது கடமைச் சங்கம், என்றோர் அமைப்பை நிறுவினார். அதன் உறுப்பினர் ஏழை மாணவரின் படிப்புக்காக ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினர். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் பிறர் பொருட்டுக் கையேந்தக் கற்றனர். நூலாசிரியர் இதனையும் எடுத்துரைக்கிறார். ஒற்றுமை எவ்வாறு உருவாயிற்று என்பதே அவர் ஆராயும் பொருள். ஆதலின் ஆடுகளமும் கடமைச் சங்கமும் அவர்க்கு ஒற்றுமையின் இரு கருவிகள். நம் அளவுகோல் வேறு. அந்த ஒற்றுமை எவரைத் தன்னுள் சேர்த்தது, எவரை வெளியே நிறுத்தியது என்றே நாம் கேட்போம். அவ்வளவுகோலால் அளந்தால் கடமைச் சங்கமே உயர்ந்து நிற்கிறது.

இவ்வளவுகோல் நாம் புதிதாகப் புனைந்ததன்று. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பந்தயத்துக்கெனப் பக்குவப்படுத்திய குதிரைகளுக்கு நெடுந்தொலைவும் மற்றவற்றுக்குக் குறுந்தொலைவும் வகுத்தார்கள் என்பதை ஹதீஸ் ஓதியோர் அறிவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் ஓட்டப் பந்தயம் ஓடியதும் பதிவாகியுள்ளது. வலியோர்க்கும் மெலியோர்க்கும் பெண்டிர்க்கும் இடமளித்த களம் அது.

ஷவ்கத் அலியைக் காட்டிச் சிலர் மறுக்கலாம். 1890களில் அலிகர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய அவரே பின்னர்த் தம்பி முஹம்மத் அலியுடன் கிலாஃபத் இயக்கத்தை முன்னின்று நடத்தினார். 1920இல் அவ்விருவரும் காந்தியடிகளும் அலிகருக்கு வந்து மாணவரை அழைத்தனர். ஜாமியா மில்லிய்யா பிறந்தது. ஆட்களை நடத்தும் திறனை ஆடுகளம் அவருக்கு அளித்திருக்கலாம். ஆனால் பெக் விரும்பியது ஆங்கில ஆட்சிக்கு நண்பரான தலைமுறையை. பயிற்சி ஒருவர் கொடுத்தது; அதனை எதற்குப் பயன்படுத்துவது என்ற முடிவு அவருடைய ஈமானிலும் நாட்டுப் பற்றிலும் பிறந்தது.

நாம் ஓதிய மதரஸாவில் அஸருக்குப் பின் பந்தைத் தொட்டாலும் கண்டிப்பு விழும். நாம் ஆசிரியரான பின்னர்ச் சில ஆண்டுகள் அதே கண்டிப்பைத் தொடர்ந்தோம். அது தவறென்று உணர்த்திய நூல்களுள் இதுவும் ஒன்று. எனினும் பரிசுக் கோப்பைகளை அலமாரியில் அடுக்குவதோடு கடமை முடிந்ததெனக் கருதுவதும் தவறே.

பெற்றோர் தம் மக்களை ஆடுகளத்துக்கு அனுப்பட்டும், மகளையும் அனுப்பட்டும். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், வென்றாயா என்று வினவுமுன், இன்று விளையாட இடம் கிடைக்காமல் நின்றவர் யார் என்று ஒருமுறை வினவிப் பார்க்கட்டும்.