திறனுள்ள பிள்ளை: ஒரு சொல்லாடலைப் பற்றி

‘டிஜிட்டல் திறன்’ என்கிற சொல் கல்வி பற்றிய பேச்சுக்குள் எப்படி வந்தது என்பதைவிட அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது முக்கியம். பிள்ளைக்குத் திறனைக் கொடுத்துவிட்டால் போதும், அது பிழைத்துக்கொள்ளும், ஆபத்தில் மாட்டாது, நன்றாக இருக்கும். இந்தச் சொல்லாடலில் பிள்ளை தனியாக நிற்கிறது. அதற்கு வீடு கிடையாது, தெரு கிடையாது, சாதி கிடையாது, போனைப் பிடுங்கிக்கொள்கிற அண்ணனும் கிடையாது. ஏதாவது விபரீதம் நடந்துவிட்டால், ‘அதுக்கு வெவரம் பத்தல’ என்று முடித்துவிடலாம். கம்பெனிக்கும் அரசுக்கும் உரிய பொறுப்பு பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் தலையில் இறங்குகிறது.

இந்த நம்பிக்கைக்கு ஆய்வுகளின் ஆதரவும் இல்லை. சோனியா லிவிங்ஸ்டனும் அவரது சகாக்களும் இது குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்து 2021இல் எழுதினார்கள். திறன் கூடும்போது இணையத்தில் வாய்ப்புகள் கூடுகின்றன, கூடவே ஆபத்துகளைச் சந்திப்பதும் கூடுகிறது. திறனிலிருந்து நல்வாழ்வுக்கு நேர்க்கோடு போட அவர்களால் முடியவில்லை. நீச்சல் தெரிந்த பிள்ளைதானே நடுக்கிணற்றுக்குப் போகும்!

சரி, திறன் என்று எதை அளக்கிறார்கள்? பிரதம் அமைப்பின் ‘ஏசர்’ கணக்கெடுப்பு 2023இல் 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், கிராமப்புறத்து 14 - 18 வயதினரிடம் சில வேலைகளைச் செய்துகாட்டச் சொன்னது. அலாரம் வைப்பது, ஒரு தகவலைத் தேடுவது, வரைபடத்தைப் பார்த்து ஓரிடத்துக்குப் போய்ச்சேர ஆகும் நேரத்தைச் சொல்வது. கடைசி வேலையைச் செய்தவர்கள் பையன்களில் ஏறக்குறைய பாதிப்பேர், பெண்களில் கால்வாசி. கண்டமங்கலத்தில் பதினொன்றாவது படிக்கிற ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். ‘ஸ்கூலு, வூடு. இதுக்கு எதுக்குங்க மேப்பு?’ என்றாள். விழுப்புரத்துக்கும் பாண்டிக்கும் நடுவில், பஸ்ஸும் ரயிலும் போகிற ஊர் இது. போகக்கூடாது என்று விதிக்கப்பட்ட உடல் அட்டவணையில் ‘திறன் குறைவு’ என்று பதிவாகிறது. அதே கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போன் உபயோகிக்கத் தெரிந்தவர்களுள் சொந்த போன் உள்ளவர்கள் ஆண்களில் 43.7 சதவீதம், பெண்களில் 19.8 சதவீதம். இரண்டு எண்களையும் சேர்த்து வாசித்தால் நாம் பேசிக்கொண்டிருப்பது திறனைப் பற்றியே இல்லை என்பது தெரியும்.

பிள்ளைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே யாரும் தேவையில்லை என்கிற கதையாடலுக்கு ஒரு மூலக்கதை உண்டு. சுகதா மித்ரா 1999இல் தில்லியின் கால்காஜியில் குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் கணினியைப் பதித்த கதை. அது நம் பக்கத்துக்கும் வந்தது. சுனாமி தாக்கிய காளிக்குப்பத்தில், தமிழ் பேசும் பிள்ளைகள் கணினியில் ஆங்கிலத்தில் இருந்த உயிர்த்தொழில்நுட்பத்தைத் தாமாகவே படிக்க முடியுமா என்று மித்ராவும் ரிது தங்வாலும் சோதித்து 2010இல் எழுதினார்கள். பூச்சியத்திலிருந்து முப்பது சதவீதம்வரை வந்தார்கள். அதற்குமேல் கூட்டியது எது? அந்தப் பாடம் தெரியாத ஓர் இளம்பெண் பக்கத்தில் நின்று, ‘எப்படிச் செய்தீங்க, இன்னும் காட்டுங்க’ என்கிற தோரணையில் வியந்துகொண்டிருந்தது. ஐம்பதைத் தொட்டார்கள். மித்ரா இதை மறைக்கவில்லை, ‘பாட்டி முறை’ என்று பெயரே வைத்தார். எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான். பாட்டி என்று சொல்லிவிட்டால் அது பாசம், உழைப்பு ஆகாது. பாசத்துக்குச் சம்பளம் கேட்க முடியாது. ஊர் ஊராகப் போன கதையிலோ அவளும் இல்லை, சுவரும் கணினியும்தான் இருந்தன.

பத்து வருஷம் கழித்து அவள் வேறு பெயரில் திரும்பி வந்தாள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப் பாடம் எல்லாம் ஒன்றரை வருஷம் ஓடிய பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’யை முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சாயங்காலத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்ட தருணம் அது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. பாடம் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கொடுத்தது மாதம் ஆயிரம் ரூபாய். பெயர் ‘தன்னார்வலர்’. நாளைக்கு முப்பத்துச் சொச்சம் ரூபாய், அதையும் ஊக்கத்தொகை என்றார்கள்.

பிள்ளையின் நலம் என்பது இந்த ஆளைப் பொறுத்த விஷயம். மேலே சொன்ன பெண்ணிடம் இன்னொன்றும் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவன் அசிங்கமாக அனுப்பிய செய்திகள். ப்ளாக் பண்ணத் தெரிந்திருக்கிறது, பண்ணியும் விட்டாள். எந்தத் தேர்விலும் முழு மதிப்பெண் கிடைக்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள், அடுத்தது பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்கள், அதற்கடுத்தது மாப்பிள்ளை பார்ப்பார்கள். இரண்டு மாசம் சரியாகத் தூங்கவில்லை என்றாள். 1098 என்ற எண் பாடப்புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது, அவளுக்கும் தெரியும். ஆனால் எந்தப் போனிலிருந்து, யார் வீட்டில் இல்லாத நேரத்தில் அதைக் கூப்பிடுவது?

அடுத்த கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் அலாரம் வைக்கச் சொல்வதற்கு முன்னால் ‘இதை யாரிடம் சொல்லுவே?’ என்று கேட்கட்டும். அந்த ஆளுக்கு மாதம் என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதிக்கொள்ளட்டும்.