கறுவாத்தோட்டத்து ரொபரோசியா, ஜெயநகரத்து டபேபுயா

மார்ச் பிறந்தால் கொழும்பு சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி நடக்க வருபவர்களின் வேகம் தானாகக் குறைந்துவிடும். ரொபரோசியா பூத்திருக்கும். பெரும்பாலும் இலை உதிர்ந்த கிளைகளில் இளஞ்சிவப்புக் கொத்துகள். கீழே புல்லிலும் நடைபாதையிலும் அதே நிறம். அதற்குச் சில வாரங்கள் முன்பே பெங்களூரு ஜெயநகரின் தெருக்களில் இந்த மரம் பூத்து நின்றிருக்கும். அங்கே அதற்குப் பெயர் டபேபுயா. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் இது. எல் சல்வடோரின் தேசிய மரமும்கூட. மரம் ஒன்றுதான். அதைப் பார்க்கக் கிளம்பும் வழக்கம்தான் இரண்டு ஊரிலும் வேறு வேறாக வளர்ந்திருக்கிறது.

விழுந்து கிடக்கும் பூ ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். நாதஸ்வரத்தின் அணசு போல வாய் விரிந்த குழல். உள்ளே தொண்டையில் மஞ்சள், விளிம்பெல்லாம் சுருக்கம். இதழ் இதழாக உதிராமல் முழுப்பூவாகவே விழுவதால் மரத்தடியும் பூத்தது போலத் தெரிகிறது. காலையில் தெருக்கூட்ட ஆள் வருவதற்கு முன் போய்ப் பார்ப்பதுதான் அழகு.

பெங்களூரின் பூக்கள் திட்டமிட்டு வந்தவை. ஜெர்மானியரான குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல் 1908இல் மைசூர் அரசின் பணியில் லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு தெரு பூத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு சாலைக்கு ஒரு மரம், அது ஓய்ந்ததும் அடுத்த சாலையில் இன்னொன்று. 1980களில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் காலத்தில் நகரெங்கும் சுமார் 15 லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன. ஊரின் உயரமும் மழையில்லாத ஜனவரி, பிப்ரவரியும் இதற்குத் துணை. மரம் இலையைக் கொட்டிவிட்டு வெறுங்கிளையில் பூப்பதால் நிறம் முழுசாகக் கண்ணில் படுகிறது.

கொழும்பின் கதை தோட்டத்திலிருந்தே தொடங்குகிறது. ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட நிலம்தான் சுதந்திர சதுக்கம் இருக்கும் கறுவாத்தோட்டம். ஆங்கிலேயர் காலத்தில் கறுவா வணிகம் சரிந்து அந்த இடத்தில் பங்களாக்களும் அகன்ற சாலைகளும் எழுந்தன. 1921இல் இந்த நகருக்குத் திட்டம் வரைந்து கொடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். தாவரவியல் பேராசிரியர் என்பதால் மரத்தைத் தவிர்த்து அவரால் நகரை எண்ணிப் பார்க்க முடியவில்லை. இவருக்குச் சென்னையோடும் தொடர்பு உண்டு. இவரது நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கப்பலை 1914இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. மறுபடி பொருள் சேர்த்து 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்கள்.

வழக்கத்தின் வேறுபாடு இனிமேல்தான் தெரிகிறது. பெங்களூரில் பூ பார்க்கப் போவது இப்போது மரத்தைத் தெரிந்துகொள்ளப் போவதாக மாறிவிட்டது. லால்பாக்கில் வழிகாட்டியோடு நடப்பார்கள். 2014இல் தொடங்கிய 'நெரளு' மரத்திருவிழாவில் குழந்தைகள் இலையைப் பொறுக்கிப் பெயர் கேட்பார்கள். சென்னையில் 'நிழல்' அமைப்பு 2005 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. அவர்களோடு ஒருமுறை நடந்தவர், பிறகு இயல்வாகையின் துருநிற மொட்டைத் தெருமுனையில் கண்டால் சும்மா கடந்துபோவதில்லை. தெரிந்த மரத்தை வெட்ட வரும்போதுதான் ஆட்கள் கூடுகிறார்கள். பெங்களூரில் 2016இல், மரங்களை வெட்டவிருந்த இரும்பு மேம்பாலத் திட்டத்தை எதிர்த்து எழுந்த கூட்டத்துக்கும், அடுத்த ஆண்டு அந்தத் திட்டம் கைவிடப்பட்டதற்கும் பின்னால் இந்தப் பழக்கமும் இருந்தது.

கொழும்பில் நடப்பது ஓய்வுக்காக. குடும்பமாக வருகிறார்கள், கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 'ருக் ரகாகன்னோ' என்ற மரச் சங்கம் 1975 முதல் இருந்தும், பெயர் சொல்லி நடத்திச் செல்லும் மர நடை அங்கே அவ்வளவாகப் பரவவில்லை. ஆனால் பூவுக்கும் நாட்காட்டிக்கும் உள்ள உறவு கொழும்பில் இன்னும் அறுபடவில்லை. முள்முருக்கு சிவந்தால் சித்திரைப் புத்தாண்டு வருகிறது என்று பொருள்; சிங்களத்தில் அதை எரபது என்பார்கள். கொன்றை பொன்னாகத் தொங்கினால் பௌத்தர்களின் வெசாக். பூ விகாரைக்குப் போகும். யாழ்ப்பாணத்திலோ கல்யாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றுவது முள்முருக்கின் கிளையைத்தான். இதே கொன்றை கேரளத்தில் விஷுக்கணி, தமிழ்நாட்டில் சிவனுக்கு உரியது. என்றாலும் சென்னை, பெங்களூரின் மர நடைகளில் இந்தச் செய்திகள் துணைக்குறிப்பாகத்தான் வருகின்றன. தாவரப் பெயருக்குத் தரும் இடத்தை இவற்றுக்கும் தரலாம்.

நடக்கும் வசதியில் கொழும்பு முந்திவிட்டது. போர் முடிந்த 2009க்குப் பின் சுதந்திர சதுக்கம், பழைய குதிரைப் பந்தயத் திடல் பக்கமெல்லாம் அகலமான நடைபாதைகள் வந்தன. நிமிர்ந்து பூவைப் பார்த்தபடி நடந்தாலும் கால் இடறாது. பெங்களூரில் அந்தத் துணிச்சல் கூடாது. கற்பலகை பெயர்ந்திருக்கும், மோட்டார் சைக்கிள் ஏறி வரும். அதனால்தான் அங்கே மர நடை லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் ஒதுங்கிவிடுகிறது. தெருவின் பூவைத் தெருவிலேயே நின்று பார்க்க முடியாதது பெரிய இழப்பு.

கடலின் இரு பக்கமும் பொதுவான கவலை ஒன்று உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் ஏராளமாக விழுந்தன. அடிமரம் வரை சிமெண்டு பூசிய நடைபாதையில் வேர் எப்படிப் பிடிக்கும்? கொழும்பு கொள்ளுப்பிட்டியில் 2023 அக்டோபரில் ஒரு பெரிய மரம் பேருந்தின் மேல் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின் பழைய மரங்களை அச்சத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து அடியோடு வெட்டுவதல்ல; அடியில் மண்ணுக்கு இடம் விடுவதும், ஆண்டுதோறும் தண்டைச் சோதிப்பதும், மழைக்கு முன் கிளையைக் கழிப்பதும்தான்.

விழுந்த இடத்தில் எதை நடுவது என்ற கேள்விக்குச் சென்னையில் புங்கன், பூவரசு என்று பதில் வருகிறது. புங்கன் பூத்தால் தூரத்திலிருந்து தெரியாது. அதன் கீழே வந்து நின்றால்தான் தரையில் பரவிய வெள்ளையும் ஊதாவும் புரியும். கொழும்பிலும் உள்ளூர் மரங்களுக்குக் குறைவில்லை: நாகமரம், கொன்றை, ஊதாப் பூமருது. பூமருது இரு நாடுகளுக்கும் சொந்தம், கோடையில் வாரக்கணக்கில் பூக்கும். அடுத்த வரிசைக் கன்றுகளில் இதற்கு முதலிடம் கொடுத்தால், ரொபரோசியா ஓய்ந்த பிறகும் மாலையில் நடக்க வருபவர்களுக்குப் பார்க்கப் பூ இருக்கும்.