விளம்பரத்தில் வந்த தீபாவளி

வாளையார் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஓணம்தான் பெரிய பண்டிகை. அது முடிந்து ஊர் ஓய்ந்திருக்கும்போது, தீபாவளி வருகிறது என்று நமக்குச் சொன்னவை தமிழ்த் தொலைக்காட்சி விளம்பரங்களே. 1993-இல் சன் டி.வி. தொடங்கியது. பிறகு ஆர்.எம்.கே.வி.யும் போத்தீஸும் கேபிள் வழியே நம் வீட்டுக்குள் பண்டிகையைக் கொண்டுவந்தன.

இன்று நாலு பேர் கூடினால், "அந்தக் கால விளம்பரம் மாதிரி வருமா?" என்கிறோம். திரும்பப் பார்த்தால் தெரியும்: பெரிய முற்றம், கூட்டுக்குடும்பம், ஆளுக்கொரு பட்டு. நம்மில் யார் வீடுங்க அப்படி இருந்தது? பண்டிகை என்றால் கடைக்குப் போவது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவையும் இவைதான். இந்தக் குறையை மறைக்கக் கூடாது.

பின் ஏன் ஏங்குகிறோம்? கோவையில் உறவுக்காரர் பார்த்த அதே விளம்பரத்தை, அதே நேரத்தில், பக்கத்து வீட்டாரோடு நம் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். 1956-இல் இரு மாநிலமாகப் பிரிந்த ஊர்கள் அந்த அரை நிமிடம் ஒன்றாக இருந்தன. கைபேசியோ ஆளுக்கொரு விளம்பரம் காட்டுகிறது.

நாம் தேடுவது பட்டை அல்ல, கூட உட்கார்ந்து பார்த்தவர்களை. அவர்களைக் கூப்பிட விளம்பரம் எதற்கு? இந்தத் தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு நாமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாமே!