கள்ளரிடம் கவர்தல்: சேலம், நாமக்கல் சமவெளிக் கதைகளில் பிறப்பும் குற்றமும்

ஜப்பானிய இயக்குநர் தகாஷி இஷீ 1995இல் எடுத்த ‘கோனின்’ என்னும் குற்றப்படத்தின் தலைப்புக்கு ‘ஐந்து பேர்’ என்பது பொருள். கடனில் அமிழ்ந்த நடனக்கூட உரிமையாளன், வேலையிழந்த அலுவலக ஊழியன், பணிநீக்கம் பெற்ற காவலன், பெண்ணின் வருவாயில் பிழைக்கும் முன்னாள் குத்துச்சண்டை வீரன், தன்பால் விழைவுடைய இளைஞன் ஆகிய ஐவர் யாகுசா குழுவொன்றின் பணத்தைக் கொள்ளையிடுகின்றனர். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொருளாதாரம் சரிந்தபோது சமூகம் வெளியே தள்ளிய மனிதர்கள் இவர்கள். ஐவரில் ஒருவனும் பிழைப்பதில்லை. அவர்களுள் எவனுக்கும் மறைந்திருந்த நற்குடிப் பிறப்பு ஒன்று இறுதிக் காட்சியில் வெளிப்படுவதும் இல்லை. தமிழ் வாசகரின் கவனத்துக்கு உரியது இந்தப் பின்னைய இன்மையே. கள்ளரிடமே கவரும் கள்வனைப் பற்றிச் சேலம், நாமக்கல் சமவெளி ஈன்ற கதைகளில், அவன் உண்மையில் கள்வன் அல்லன் என்று மெய்ப்பிக்கும் ஏற்பாடு தவறாமல் இடம்பெறுகிறது.

இவ்வகைக் கதைக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. திருடனிடமிருந்து எடுத்த பொருள் யாருடையது? 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 378இல், திருட்டைப் பொருளின் உரிமையை வைத்து வரையறுக்கவில்லை. ஒருவரின் கைவசத்திலிருந்து அவர் இசைவின்றி நேர்மையற்ற நோக்குடன் எடுப்பதையே திருட்டு என்றது. திருடன் கையிலிருப்பதை எடுப்பதும் ஆகவே திருட்டாகலாம். கதைகள் இவ்விடரைக் கடக்க வேறு வழி தேட வேண்டியிருந்தது. வழிப்பறித்த பொருளை அடியார்க்கு அமுதாக்கிய திருமங்கையாழ்வார் வரலாற்றில் குருபரம்பரை நூல்கள் கண்ட வழி பக்தி. இருபதாம் நூற்றாண்டுச் சமவெளி கண்ட வழி பிறப்பு.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) மோகனூரில் பிறந்தவர். தந்தை காவல்துறையில் பணியாற்றியவர். காவலர் வீட்டுப் பிள்ளை கள்வனைக் கதைத்தலைவனாக்கியது சுவையான முரண். அவருடைய ‘மலைக்கள்ளன்’ நாவலைக் கோவைப் பட்சிராஜா நிறுவனத்தின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் மு. கருணாநிதியின் உரையாடலுடன் படமாக்கினார். தமிழுக்கு முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றுத் தந்த இப்படம் தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என அடுத்தடுத்து வேற்றுமொழிகளிலும் எடுக்கப்பட்டது. இங்கு ஆராயப்படுவது திரைவடிவமே.

விசயபுரியில் கொள்ளைகளும் ஆள்கடத்தல்களும் நிகழ்கின்றன. பழி மலைக்கள்ளன்மேல் விழுகிறது. உண்மைக் குற்றவாளிகளோ செல்வன் வீரராசன், குட்டிப்பட்டி சமீன்தார், இவர்களுக்காக வேலை செய்யும் காத்தவராயன் கூட்டம். காத்தவராயன் ஆட்கள் பூங்கோதையைக் கடத்த, கடத்தியவரிடமிருந்து அவளை மலைக்கள்ளன் மீட்கிறான். கள்ளரிடம் கவர்தல் என்னும் கூறு இங்குப் பணத்தின்மேல் அமையாமல் பெண்ணின்மேல் அமைகிறது. இதனால் உரிமை பற்றிய கேள்வி எளிதாகிவிடுகிறது. கடத்தப்பட்டவளை மீட்பதைத் திருட்டென எவரும் சொல்லார். பணம் கொள்ளையடிக்கும் கள்வனுக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை.

படம் இத்துடனும் நிறைவடையவில்லை. மலைக்கள்ளனும் ஊரார் மதிக்கும் வணிகர் அப்துல் ரகீமும் ஒருவரே எனத் தெரியவருகிறது. பின்னர் அவ்விருவரும் பூங்கோதையின் காணாமற்போன முறைமாப்பிள்ளை குமாரவீரனே எனவும் தெரியவருகிறது. சட்டத்துக்குப் புறம்பானவன், வேற்றுச் சமயத்தவன் என்னும் இரு வேடங்களும் கழன்றபின் எஞ்சுவது உறவுமுறை. பூங்கோதையின் காதல் எல்லை மீறியதாகத் தோன்றிய காட்சிகள் யாவும் பின்னோக்கில் முறைப்படுத்தப்படுகின்றன. பி. பானுமதியின் நடிப்பில் அஞ்சாத பூங்கோதை உயிர்பெறும் இடங்களைக் கண்டவர்க்கு, இம்முடிவு அவள் துணிவுக்கு இழைத்த சிறு துரோகமாகவே படும். அவள் விரும்பியது கள்வனை. கதை அவளுக்குக் கொடுத்தது முறைமாப்பிள்ளையை.

இங்கே பெயர்கள் நின்று நோக்கத்தக்கவை. கூலிக்குக் கொள்ளையடிப்பவனுக்குக் கதை சூட்டிய பெயர் காத்தவராயன். தமிழ் நாட்டார் மரபில் அப்பெயர் எளியதன்று. பறையர் குடியில் வளர்ந்து, காவல் தொழில் ஏற்று, பார்ப்பனப் பெண் ஆரியமாலையைக் கவர்ந்து சென்று, கழுவேற்றப்பட்டுத் தெய்வமானவன் காத்தவராயன். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலிலும் அவனுக்கு உயர்பிறப்பு உண்டு; சாபத்தால் தாழ்ந்த தெய்வமகன் அவன். எனவே, வேடம் கலைந்து உயர்பிறப்பு வெளிப்படும் உத்தி 1954க்கு மிகப் பழையது. ஆனால் ஒரு வேறுபாடு உள்ளது. கதைப்பாடலின் காத்தவராயனை அவன் பிறப்பு காப்பதில்லை. கழுமரம் அப்படியே நிற்கிறது. கேட்போர் அழுவதும் வழிபடுவதும் அக்கழுவை முன்னிட்டே. ‘மலைக்கள்ளன்’ கழுவை அகற்றியது. எல்லை மீறிய தலைவனின் பெயரை அடியாளுக்குத் தந்து, மீறலின் கவர்ச்சியை மட்டும் குமாரவீரனுக்கு மாற்றிக்கொண்டது. பெயரிட்டபோது ஆசிரியர் இதை எண்ணியிருக்கத் தேவையில்லை. பிரதி எண்ணாமலே செய்தவையும் திறனாய்வுக்கு உரியவையே.

இக்கதை வழங்கிய நிலத்தில் பிறப்பு குறித்து வேறொரு பிரதியும் நடைமுறையில் இருந்தது. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்பட்டது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட சமூகத்தார் பதிவேட்டில் இடம்பெற்றனர். வருகைப் பதிவுக்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது. இன்றைய தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் மேல்நாடு குறவர்’, ‘சேலம் உப்புக் குறவர்’ என்னும் பெயர்கள் உள்ளன. இரண்டாம் பெயரில் ஒரு தொழில் வரலாறு உறைந்திருக்கிறது. கடற்கரை உப்பைப் பொதிமாடுகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொணர்ந்து தானியத்துக்கு மாற்றியவர்கள் குறவர்கள். சங்கப் பாடல்களின் உமணரை நினைவூட்டும் வாழ்க்கை அது. ஆங்கில அரசின் உப்புக் கொள்கையும் இருப்புப் பாதையும் இவ்வணிகத்தைச் சிதைத்ததையும், பிழைப்பிழந்து அலைந்தவர்கள் பின்னர்ப் பிறவிக் குற்றவாளிகளாக வகைப்படுத்தப்பட்டதையும் மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு விரிவாகக் காட்டியுள்ளது.

1930இல் வேதாரண்யம் நோக்கி உப்பெடுக்க நடந்த தொண்டர்களுக்கு வழிநடைப் பாட்டு எழுதித் தந்தவர் இதே நாமக்கல் கவிஞர். உப்பு வரியின் கொடுமையை அவரளவு உணர்ந்த தமிழ்க் கவிஞர் சிலரே. ஆயினும் அவ்வரியாலும் அரசின் உப்புக் கொள்கையாலும் தம் சமவெளியிலேயே வாழ்விழந்து ‘கள்வர்’ என்று முத்திரை பெற்றோர், அவர் படைத்த கள்வன் கதையில் இடம்பெறவில்லை. இதைக் கவிஞர்மேல் குற்றமாகச் சுமத்துவது முறையாகாது. கதை வகைமையே அவர்களை உள்ளே விடவில்லை. சட்டம் பிறப்பை நோக்கி ‘இவன் கள்வன்’ என்றது. கதை பிறப்பை நோக்கி ‘இவன் கள்வன் அல்லன்’ என்றது. விடைகள் எதிரெதிரானவை, இரண்டும் கேட்ட கேள்வி ஒன்றே. சட்டம் நீங்கிய இரண்டாம் ஆண்டில் திரைக்கு வந்து நாடெங்கும் பாராட்டுப் பெற்ற படம், அக்கேள்வியைப் பொழுதுபோக்காகத் தொடர்ந்து வாழவைத்தது.

திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இவ்வகையில் நேர்மையான படம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்ற புகழால் அதன் உள்ளடக்கம் திறனாய்வாளரிடம் உரிய கவனம் பெறவில்லை. விறகுவெட்டி அலிபாபா தற்செயலாகக் குகையின் மந்திரச் சொல்லைக் கேட்கிறான். திருடர் சேர்த்த செல்வத்தை எடுத்துக்கொள்கிறான். அவன் கடைசிவரை விறகுவெட்டியாய் இருந்து செல்வனானவனே, இளவரசனாக வெளிப்படுவதில்லை. அவனுக்குத் துணைநிற்கும் மார்ஜியானாவும் நடனப்பெண். பழைய அரபுச் சுவடிகளில் இல்லாத இக்கதை, சிரியாவின் அன்னா தியாப் 1709இல் பாரிசில் வாய்மொழியாகச் சொல்லிப் பிரெஞ்சு மொழிக்குச் சென்றது. ஏழை கூறிய கதையின் சுவடு அதில் இன்னும் இருக்கிறது. ஆனால் குகைக்குள் குவிந்த பொருளை முன்னர் இழந்தோர் யார் என்று படம் கேட்பதில்லை. திருடர் பொருளுக்கு உரியவரே இல்லை என்பதுபோல் கதை நகர்கிறது. மந்திரச் சொல் குகையைத் திறந்ததோடு சட்டப் பிரிவு 378இன் சிக்கலையும் மூடிவிட்டது. பொருளை வேற்று நாட்டில், வேற்றுக் காலத்தில் வைத்ததால் கிடைத்த வசதி அது.

சுந்தரம் 1963இல் மறைந்தபின் அவர் மகன் இராமசுந்தரம் காலத்தில் அதே நிறுவனம் ஜெய்சங்கரைக் கொண்டு குற்றப்படங்களைத் தொடர்ந்து எடுத்தது. ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகியவற்றில் குற்றக்கூட்டத்தை முறியடிப்பவன் அரசின் துப்பறியும் அதிகாரி. முறைமாப்பிள்ளை இருந்த இடத்தில் அரசுப் பதவி அமர்ந்தது. பிறப்புச் சான்றைவிட அடையாள அட்டை நவீனமானது என்பதில் ஐயமில்லை, பணியும் ஒன்றே. இப்படங்களின் விரைவும் விளையாட்டும் இன்றும் சுவை குன்றாதவை. எனினும் கடத்தல் கும்பலின் பெட்டிகளைத் தூக்கிச் சுமக்கும் பெயரற்ற அடியாட்கள் எங்கிருந்து வந்தனர், கூட்டம் பிடிபட்டபின் எங்குச் சென்றனர் என்பதற்கு அவற்றில் ஒரு காட்சியும் ஒதுக்கப்படவில்லை. ‘கோனின்’ அத்தகைய ஐவரைத் தேர்ந்து முன்னிறுத்துகிறது. சேலத்துப் படச்சுருள்களில் அவர்கள் சண்டைக் காட்சியின் பின்புறத்தில், முகம் தெளியாமல், அடிவாங்கி விழும் நேரம் மட்டும் நிற்கின்றனர்.