விதியும் விரலும்: ‘வடசென்னை’யின் கேரம் பலகை

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் மஸ்ஊதி, தமது ‘முரூஜுத் தஹப்’ நூலில் சுவையானதொரு கருத்தைப் பதிவு செய்துள்ளார். சதுரங்கத்தை வகுத்தவன் மனிதனுக்குச் செயற்சுதந்திரம் உண்டென நம்பியவன்; பகடை உருட்டி ஆடும் நர்தை வகுத்தவனோ அனைத்தும் விதியின் நிர்ப்பந்தமே என நம்பியவன் என்று கலாம் அறிஞர் சிலர் கூறினராம். கத்ர், ஜப்ர் பற்றிய நெடிய விவாதத்தை இரு பலகைகளுக்குள் அடக்கிவிட்ட இக்கூற்று, ஆட்டமும் ஒரு கதைகூறும் முறையே என்பதை உணர்த்துகிறது.

வெற்றிமாறன் இயக்கி 2018இல் வெளிவந்த ‘வடசென்னை’ திரைப்படத்தை இந்த நோக்கில் அணுகலாம். கதைநாயகன் அன்பு தேர்ந்த கேரம் ஆட்டக்காரன். பலகை முன் அமர்ந்தால் அவன் விரல் தவறுவதில்லை. பலகையை விட்டு எழுந்தாலோ, அவனுடைய ஒவ்வோர் அடியையும் பிறரே தீர்மானிக்கின்றனர். சிறைக்குள் நடக்கும் கேரம் போட்டியே செந்தில் மீதான தாக்குதலுக்குத் திரையாகிறது. அதாவது, சதுரங்கமாகத் தொடங்கிய வாழ்வு நர்தாக முடிகிறது.

இதில் இயக்குநரின் நேர்மையை மறுப்பதற்கில்லை. விதியென்று தோன்றுவதன் பின்னே மனிதர் செய்த ஏற்பாடுகள் உள்ளன என்பதை, கடற்கரை மக்களை அவர்தம் நிலத்திலிருந்து பெயர்க்கும் முயற்சியின் வழியாக அவர் காட்டுகிறார். ஆயினும் என் குறை ஒன்றுண்டு. படத்தில் கேரம் கதைக்குப் பயன்படும் கருவியாக நிற்கிறதேயன்றி, கதையாக மலரவில்லை. பலகையைச் சுற்றி அமர்வோரிடையே உருவாகும் உறவு, குழுப்பகையின் நிழலில் மறைந்துவிடுகிறது.

அம்மண்ணின் மெய்யான கேரம் கதையோ வேறு. கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல்வரான மரிய இருதயம் (1996) சென்னையைச் சேர்ந்தவர். 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அப்போது அவருக்கு வயது 17. மூன்று சமூகப் பின்னணிகள், ஒரே பலகை.

காசிமாவின் வெற்றிச் செய்தி வந்த வாரத்தில் மாணவர் ஒருவர் என்னிடம், “உஸ்தாத், இதைப் பாராட்டலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தத் தயக்கம் என்னை உறுத்தியது. நர்தைக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. சதுரங்க விஷயத்தில் ஹனஃபி அறிஞர்கள் கண்டிப்புக் காட்டினர். ஷாஃபிஈ அறிஞர்களோ அதை மக்ரூஹ் என்றனர். பந்தயம் சேர்ந்தாலோ, தொழுகை தவறினாலோ ஹராம் என்றனர். அற்ற வாய்ப்பை நம்பும் ஆட்டம் வேறு, கணிப்பையும் சிந்தனையையும் நம்பும் ஆட்டம் வேறு என அவர்கள் பிரித்தறிந்த நுட்பம் கவனிக்கத்தக்கது. குறியும் கணிப்புமே கேரத்தின் உயிர். அந்த வரம்புகளை நினைவூட்டிய பின், “தாராளமாகப் பாராட்டலாம்” என்றேன்.

கேரம் ஆடியோர் ‘ரெட் அண்ட் ஃபாலோ’ என்பதை அறிவர். சிவப்பை வீழ்த்தினால் மட்டும் போதாது. தொடர்ந்து தன் காயொன்றையும் வீழ்த்தவேண்டும். தவறினால் சிவப்பு மீண்டும் பலகைக்கே திரும்பிவிடும். அன்பிடம் சிவப்பை வீழ்த்தும் திறமை இருந்தது. தொடர்ந்து வீழ்த்தக் காய் வாய்க்கவில்லை. காசிமாவுக்கோ குடும்பமும் தெருவும் அந்தக் காயாக அமைந்தன. வடசென்னையின் இளைஞருக்கு எது வாய்க்கும் என்பதை விதியின் மீது சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ளலாகாது. அதில் நம் ஜமாஅத்துகளுக்கும் கல்விக்கூடங்களுக்கும் பங்குண்டு. படம் சொல்லாமல் விட்ட கதை அதுவே.