சிக்கலை எழுதித் தருபவர் யார்?

பொறியியல் வகுப்பில் முதலில் சூத்திரம் கற்பிக்கப்படும். பின்னர் அதற்கெனவே ஆக்கிய கணக்குத் தரப்படும். விடையும் ஒன்றே. தொழிலிற் புகுந்த பொறியாளர்க்கோ கணக்கு இன்னதென எவரும் எழுதித் தருவதில்லை. இவ்விடைவெளியை நிரப்ப முயன்றோருள் ஜொகூர் மாநிலம் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் குறிப்பிடத்தக்கவர். கைரியா முகமட் யூசோப்பும் உடன்பணியாற்றியோரும் 2011இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரை அவர்தம் முறையை விளக்குகின்றது.

சிக்கல்வழிக் கற்றல், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்வியில் 1960களின் இறுதியில் தோன்றியது. அங்கே சிறுகுழு ஒவ்வொன்றுக்கும் வழிகாட்டி ஒருவர் உண்டு. பொறியியல் வகுப்பிலோ அறுபதின்மர்க்கும் ஆசிரியர் ஒருவரே. ஸ்கூடாய் ஆசிரியர்கள் கூட்டுறவுக் கற்றலை அதனோடு இணைத்து, ஒருவரே குழுக்களிடையே சென்று வழிகாட்டுமாறு அமைத்தனர். வசதி மிக்க நாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடாமை பாராட்டுக்குரியது.

முறையின் சிறப்பு அதன் தொடக்கத்தில் உள்ளது. ஒவ்வொரு மாணவரும் முதலில் சிக்கலைத் தம் சொற்களிலேயே திருப்பி எழுதுதல் வேண்டும். தெரிந்தது யாது, கற்க வேண்டியது யாது எனப் பிரித்தறிதலும் வேண்டும். பின்னரே ஒருவர்க்கொருவர் கற்பித்தலும் தீர்வு காண்டலும். பொருளுணராது ஒப்பிப்பவர் இம்முதற்படியிலேயே வெளிப்பட்டுவிடுவர். பாடலை உரைநடையில் எழுதச் சொல்லி மாணவர் அறிவை அளந்த தமிழாசிரியர்க்கு இதன் அருமை விளங்கும்.

எனினும், சிக்கலை ஆக்கித் தருபவர் ஈண்டும் ஆசிரியரே. தந்த சிக்கலைத் திருப்பி எழுதுதல் வேறு. சிக்கல் எதுவெனத் தாமே காணுதல் வேறு. அதே ஜொகூரில், 2019 மார்ச்சில், பாசீர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் சட்டத்துக்கு மாறாக வேதிக்கழிவு கொட்டப்பட்டது. நச்சுக்காற்றால் மாணவர் பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. காற்றில் கலந்தது எது, எங்கிருந்து வந்தது, எவ்வாறு அகற்றுவது என்பன ஒருங்கே எழுந்த வினாக்கள். அவற்றை வரிசைப்படுத்தித் தர அங்கு ஆசிரியர் எவரும் இல்லை.

மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினர் ஆயிற்று. சிக்கல் மிகுந்த பொறியியல் வினாக்களைத் தீர்க்கும் ஆற்றலை அது பட்டதாரியிடம் எதிர்பார்க்கின்றது. பட்டத்துக்குப் பின்வரும் பணிப்பயிற்சியில் அவ்வாற்றல் தானே வாய்க்கும் என்பார் உளர். பணியிற் செய்த பிழை ஊரார் மேல் விழும். கல்லூரியிற் செய்த பிழை மதிப்பெண்ணோடு நிற்கும் என்பதை அவர் எண்ணவில்லை போலும்! வேதிப்பொறியியல் மாணவர் ஆலை கட்டிப் பார்த்தல் இயலாது என்பது உண்மையே. ஆயினும், இறுதியாண்டுத் திட்டப்பணி ஒன்றையேனும் வினாத்தாள் இன்றி ஓர் ஆற்றங்கரையிலோ பள்ளி வளாகத்திலோ தொடங்கலாம். முதல் இரு வாரம் மாணவர் கேட்டும் அளந்தும் திரிந்து, சிக்கலைத் தாமே எழுதி வரட்டும். ஆசிரியர் அதைத் திருத்தட்டும்.